பூட்டிக் கிடக்கும் வீடுகளும் உள்ளாட்சிக் கணினிகளும்

காரைக்குடி மாநகராட்சி மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள். தேவகோட்டை நகராட்சித் தலைவர், ஆணையர். கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் உள்ளிட்ட பேரூராட்சிகளின் தலைவர்கள், செயல் அலுவலர்கள். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் செட்டிநாட்டு ஊராட்சிகளின் பொறுப்பில் இருப்பவர்கள், ஊராட்சிச் செயலர்கள் அனைவருக்கும்

வணக்கம்.

காரைக்குடியில் கணினிப் பழுது பார்ப்பது என் தொழில். கடை, பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் என்று கூப்பிடும் இடத்துக்கெல்லாம் போகிறேன். அப்படிப் போன உள்ளாட்சி அலுவலகங்களில் கண்ணில் பட்டதைப் பற்றித்தான் இந்த மடல். எந்த அலுவலகம், யாருடைய மேசை என்று எழுதப்போவதில்லை. ஓர் இடத்தைக் கைகாட்டிவிட்டால் மற்றவர்கள் எல்லாம் "நம்மைச் சொல்லவில்லை" என்று மடித்து வைத்துவிடுவார்கள். நான் கேட்பது எல்லாருக்கும் பொதுவானது. உங்கள் அலுவலகக் கணினிக்குள் யார் நுழைகிறார்கள், நுழைந்து எதை மாற்றுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்குப் பல இடங்களில் அது யாருக்கும் தெரியாது.

எல்லா ஊருக்கும் உள்ளதுதானே, செட்டிநாட்டுக்கு மட்டும் என்ன என்று கேட்கலாம். நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீடுகளில் பல, ஆண்டு முழுக்கப் பூட்டியே இருக்கின்றன. சொந்தக்காரர்கள் சென்னையில், கோவையில், சிங்கப்பூரில், கோலாலம்பூரில். முன்னோருக்கான படைப்புக்கோ கோயில் திருவிழாவுக்கோ வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்து திறப்பார்கள். முடிந்ததும் காவலுக்கு ஒருவரை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வீடு ஒரே ஆளுக்குச் சொந்தமாகவும் இருக்காது. ஐந்தாறு பங்காளிகள், அவர்களுடைய பிள்ளைகள், அவரவர் பங்குக்கு ஓர் அறை. வரி மட்டும் எப்போதோ இறந்துபோன ஐயா பெயரிலேயே வந்துகொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பற்றிய விவரம் மொத்தமும் ஓரிடத்தில் சேர்ந்து கிடப்பது உள்ளாட்சி அலுவலகத்தில்தான். யார் பெயரில் வரி, கதவு எண் என்ன, எத்தனை சதுர அடி, குடிநீர் இணைப்பு உண்டா, எத்தனை அரையாண்டு பாக்கி, தகவல் யாருடைய கைபேசிக்குப் போகிறது, எல்லாமே அங்கே இருக்கிறது. எந்த வீட்டில் ஆள் இல்லை, யாரை ஏமாற்றினால் உடனே ஊருக்கு வந்து கேட்க முடியாது என்பதையும் அந்த விவரத்தை வைத்தே கணித்துவிடலாம்.

ஆனால் விவரம் வெளியே போவதைவிட, விவரம் மாறிப்போவதில்தான் எனக்குப் பெரிய பயம். வரி ரசீது பட்டா ஆகாது, பத்திரமும் ஆகாது. அது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் அனுபவத்தில் இருப்பதற்குச் சான்றாக நாம் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். மின் இணைப்பில் பெயர் மாற்றவும், வங்கியில் கடன் கேட்கவும், நீதிமன்றத்தில் வழக்காடவும் அது வேண்டியிருக்கிறது. எட்டுப் பங்காளி வீட்டில் ஒருவர் பெயருக்கு மட்டும் வரிவிதிப்பு மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஏழு பேரும் வெளியூரில். விஷயம் தெரிய வருவதற்கே சில ஆண்டுகள் ஆகலாம். தெரிந்த அன்று அவர்கள் உங்கள் வாசலில் வந்து நின்று கேட்கும் முதல் கேள்வி, இதை மாற்றியது யார் என்பதாகத்தான் இருக்கும்.

நான்கு பேர் ஒரே பயனர் பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் வைத்து வேலை பார்க்கும் அலுவலகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. கணினி ஒரு பெயரைக் காட்டும். அந்தப் பெயருக்கு உரியவர் அன்று விடுப்பில் இருந்திருப்பார். தான் செய்யவில்லை என்று நிரூபிக்க நேர்மையான ஊழியருக்கு வழி இருக்காது. செய்தவரைப் பிடிக்க உங்களுக்கும் வழி இருக்காது. கடவுச்சொல்லைக் கணினித் திரையின் ஓரத்தில் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வரி கட்ட வந்து நிற்பவர் தலையைச் சற்று நீட்டினால் படித்துவிடலாம். மாற்றலாகிப் போனவருடைய பயனர் கணக்கு அவர் போய் வெகுநாள் கழித்தும் உயிரோடு இருப்பதையும் பார்த்திருக்கிறேன். அதில்தான் எல்லாரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

இதைச் சொன்னால் அலுவலகங்களில் உடனே வரும் பதில் ஒன்று உண்டு. "சர்வர் சென்னையில இருக்கு, அதை அவங்க பாத்துக்குவாங்க." சர்வரை அவர்கள் நன்றாகவே பார்த்துக்கொள்ளட்டும். முறையான பயனர் பெயரோடும் கடவுச்சொல்லோடும் உள்ளே வருபவரை எந்த சர்வரும் திருடன் என்று சந்தேகிக்காது. 2024-ல் உத்தரப்பிரதேசத்தின் ரேபரேலி மாவட்டம் சலோன் ஒன்றியத்தில் நடந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். கிராம அலுவலர் ஒருவருடைய பயனர் கணக்கைக் கொண்டு ஒரு சேவை மையத்திலிருந்து ஆயிரக்கணக்கில் போலிப் பிறப்புச் சான்றிதழ்கள் எடுக்கப்பட்டதாகக் காவல்துறை வழக்குப் பதிந்தது. வெளிநாட்டிலிருந்து எவனும் வந்து எந்தச் சுவரையும் உடைக்கவில்லை. ஓர் அலுவலரின் கடவுச்சொல் அடுத்தவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

நம் பகுதியிலும் பிறப்பு இறப்புப் பதிவுக்கு இருக்கும் மதிப்பு சாதாரணமானது இல்லை. தாத்தா இந்த ஊரில் பிறந்தவர் என்பதற்கு ஆதாரம் தேடி மலேசியாவிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டை வாங்க அது வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பதிவேட்டில் போலி கலந்துவிட்டது என்று ஒரு முறை பெயர் கெட்டால், உண்மையான சான்றிதழோடு வருகிறவரும் சந்தேகப் பார்வையோடுதான் நடத்தப்படுவார்.

ஊராட்சிகளில் இன்னொரு சங்கடம், டிஜிட்டல் கையெழுத்து. பென்டிரைவ் மாதிரி இருக்கும் அந்த டோக்கனையும் அதன் ரகசிய எண்ணையும் வைத்துத்தான் இன்று ஊராட்சியின் பணம் வெளியே போகிறது. ஒருவர் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு பேருக்கு இரண்டு டோக்கன். இரண்டும் ஒரே மேசை இழுப்பறையில், ஒரே ஆளிடம் கிடந்தால் அந்த ஏற்பாட்டுக்கு என்ன பொருள்? உரியவரே வைத்திருக்கிறார் என்று உங்களில் எத்தனை பேரால் உறுதியாகச் சொல்ல முடியும்? 2025 ஜனவரியில் நம் மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அன்று பழைய டோக்கன்கள் திரும்ப வாங்கப்பட்டனவா, செயலிழக்கச் செய்யப்பட்டனவா என்று ஒவ்வோர் ஊராட்சியிலும் எழுத்தில் பதிவு இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் இப்போதாவது தேடிப் பாருங்கள்.

நம் முன்னோர் பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் நடத்த, போன காலத்தில் இதைவிடக் கறாராக இருந்தார்கள். கடையை நடத்திய மேலாளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுத் தவணை. தவணை முடிந்தால் அடுத்த ஆள் வந்து, பேரேட்டையும் பெட்டியையும் சரிபார்த்துப் பொறுப்பை வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பழையவர் கப்பல் ஏறுவார். அதன்பின் அந்தக் கடையின் பெயரில் அவர் ஒரு காசு புரட்ட முடியாது. கடைக்கணக்கு ரங்கூனோடு நின்றுவிடவும் இல்லை. முதலாளியின் ஊருக்கும் வந்துகொண்டே இருந்தது. கடல் கடந்த வியாபாரத்தைக் கடுதாசியையும் நம்பிக்கையையும் மட்டும் வைத்து நடத்தியவர்கள், நம்பிக்கை ஒன்றே போதும் என்று விட்டுவிடவில்லை. பொறுப்பு மாறும்போது அதிகாரமும் சேர்ந்து மாற வேண்டும், கணக்கின் நகல் வேறிடத்தில் இருக்க வேண்டும் என்ற இந்த இரண்டைத்தான் இன்றைய கணினிப் பாதுகாப்பும் கேட்கிறது.

அந்த நகல் விஷயத்துக்கு வருகிறேன். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல்) உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கலாம். பெரிய மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் முடங்கின என்பதுதான் செய்தியில் பெரிதாக வந்தது. அதே நாட்களில் பக்கத்துக் கேரளத்தில் வயநாட்டின் தரியோடு, பத்தனம்திட்டாவின் அருவாப்புலம் ஆகிய இரண்டு ஊராட்சி அலுவலகங்களின் கணினிகளும் பூட்டிக்கொண்டன. திரையில் 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது. ஊராட்சி அலுவலகத்தைக் குறிவைத்து யாரும் அனுப்பியது இல்லை அது. வழியில் திறந்து கிடந்த கதவில் எல்லாம் நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாத கணினிகள்தான் மாட்டின.

இப்போது உங்கள் மேசையில் இருக்கும் கணினியைப் பாருங்கள். விண்டோஸ் 10 என்றால், 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. நீட்டிப்புக்குத் தனியாகப் பதிவு செய்தால் மட்டும் கொஞ்ச காலம் கிடைக்கும். விண்டோஸ் 7 என்றால் 2020 ஜனவரியிலேயே முடிந்தது. அப்படிப்பட்ட கணினிகள் இன்னும் ஓடுகின்றன. நான் கழற்றிப் பூட்டியவை அவை. புதிது வாங்கக் காசில்லை என்றால், மத்திய அரசு நிறுவனமான சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மாதிரி இலவச இயங்குதளத்தைப் போட்டு, இணையத்தளத்தில் மட்டும் நடக்கும் வேலைகளுக்கு அந்தக் கணினியைப் பயன்படுத்தலாம். கள்ள விண்டோஸ் மட்டும் வேண்டாம். அதை உடைத்துக் கொடுத்தவன் உள்ளே இன்னும் என்னென்ன வைத்தான் என்பது நமக்குத் தெரியாது.

அமெரிக்காவின் புளோரிடாவில் லேக் சிட்டி என்று ஓர் ஊர். சுமார் 12,000 பேர்தான், நம் பேரூராட்சிகளைப் போன்ற சிறிய ஊர். 2019 ஜூனில் ஓர் ஊழியர் மின்னஞ்சலில் வந்த கோப்பைத் திறந்ததில் தொடங்கி நகராட்சியின் பெரும்பாலான கணினிகள் முடங்கின. தொலைபேசி, மின்னஞ்சல், பல ஆண்டுத் தீர்மானங்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் முடங்கிப்போயின. கடைசியில் 42 பிட்காயின், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 4,60,000 டாலர், கப்பமாகக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு பால்டிமோர் நகரம் கப்பம் தர மறுத்தது. அங்கே வாரக்கணக்கில் வீடு விற்பனைப் பதிவுகள் நின்றுபோயின, தண்ணீர்க் கட்டண பில் போடமுடியவில்லை. நகரத்துக்கு ஆன செலவும் இழப்பும் 1.8 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அடி பெரிதுதான். வேறிடத்தில், இணையத்தோடு ஒட்டாமல், நல்ல நகல் ஒன்று இருந்தால்தான் அடி சிறிதாகும்.

நம் அலுவலகங்களில் சென்னை சர்வருக்குப் போகாத விஷயம் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மன்றத் தீர்மானங்கள், கட்டட வரைபட அனுமதிக் கோப்புகள், ஒப்பந்தப்புள்ளிகள், ஸ்கேன் செய்த பழைய வரிப் பதிவேடுகள் எல்லாம் அந்த ஒரு கணினியின் வன்தட்டில்தான் கிடக்கின்றன. 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சில ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. அந்தப் பழைய அலுவலகங்களின் கணினிகளில் இருந்த கோப்புகள் முழுவதும் வந்து சேர்ந்தனவா? பழைய கணினிகளை ஏலம் விடும்போது வன்தட்டைக் கழற்றி அழித்துவிட்டார்களா? பழைய இரும்புக் கடைக்குப் போகும் கணினியில் ஓர் ஊரின் கோப்புகள் முழுதாக இருப்பதற்கு வாய்ப்பு உண்டு. இதை யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக் கேட்டாக வேண்டும்.

மென்பொருள் சரிசெய்ய வரும் ஒப்பந்த நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றைப் போட்டுவிட்டு, "எப்ப வேணும்னாலும் நாங்களே பாத்துக்குவோம்" என்று நிரந்தரமாகத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். 2019 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்தில் 20-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் ஒரே நாளில் முடங்கியதற்கு, அவர்களுக்குப் பொதுவாகச் சேவை செய்த ஒரு நிறுவனத்தின் வழியாகத் தாக்கியவர்கள் நுழைந்ததுதான் காரணம். வேலை முடிந்ததும் அந்தச் செயலியை மூடச் சொல்லுங்கள். என்னைப் போன்ற ஆட்கள் வந்தாலும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் வாட்ஸ்அப். யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று காட்டும் கேட்புப் பதிவேட்டின் பக்கங்களைப் படம் எடுத்து வசூல் குழுவில் போடுவது பில் கலெக்டர்களுக்கு வசதியாக இருக்கிறது, புரிகிறது. ஆனால் அந்தப் படம் யார் யார் கைபேசிக்குப் போகிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்பது யாருக்கும் தெரியாது. பொதுமக்களின் ஆதார் அட்டைப் படங்களும் ஊழியர்களின் சொந்தக் கைபேசிகளில் சேர்ந்துகொண்டே போகின்றன.

எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சிக்கு வீட்டு வரி பாக்கி என்று செய்தி வந்தது. கதவு எண் சரியாக இருந்தது, பாக்கித் தொகையும் ஏறக்குறையச் சரியாக இருந்தது. இன்றே கட்டாவிட்டால் தண்ணீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று சொல்லி கைபேசியில் செயலியாக ஏறும் ஒரு ஏபிகே கோப்பை நிறுவச் சொல்லியிருந்தது. நிறுவினார். வங்கியிலிருந்து வந்த ஓடிபி எல்லாம் அந்தச் செயலி வழியாகத் திருடனுக்கே போனது. மகன் வெளிநாட்டில். ஆச்சி பதறிப்போய் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மறுநாள்தான் என் கடைக்கு வந்தார். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்திருந்தால் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கும். அவர் ஏமாந்தது பேராசையில் இல்லை. வரியை ஒழுங்காகக் கட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் உள்ள மனுஷி அவர். விவரம் எங்கிருந்து கசிந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் கதவு எண்ணோடு வந்ததால்தான் அவர் நம்பினார்.

இதை நீங்கள் தடுக்க முடியும், செலவே இல்லாமல். சொத்து வரியை அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை என்று ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கிறீர்கள். அதே மைக்கில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: வரி கட்ட எந்தச் செயலியையும் வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டோம், பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். வரி ரசீதின் பின்பக்கத்திலும் அதை அச்சடியுங்கள். வெளியூரில் இருப்பவர்களுக்கு நகரத்தார் சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள் வழியாக அறிவிப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். நம் ஊரில் செய்தி பரவ அதைவிட நல்ல வழி இல்லை.

சட்டத்தின் பார்வையும் உங்கள் மேல் திரும்பிக்கொண்டிருக்கிறது. கணினித் தாக்குதலைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ல் வந்த உத்தரவு அரசு அலுவலகங்களுக்கும் பொருந்தும். 2023-ல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தக்க ஏற்பாடு செய்யாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து செய்வதைவிட ஆச்சிகளை நினைத்துச் செய்தால் எனக்கு மகிழ்ச்சி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் கணினி இயக்குநர்கள் மேல் பாயாதீர்கள். குறைந்த சம்பளத்துக்கு, இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்கிறார்கள். அதிகாரியின் கடவுச்சொல் அவர்களிடம் இருக்கிறது என்றால் அதிகாரி கொடுத்ததால்தான் இருக்கிறது. ஏதாவது நடந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவதும் அவர்கள்தான். அவர்களுக்குத் தனிப் பயனர் கணக்கு கொடுப்பது அவர்களுக்கும் பாதுகாப்பு. தவறான இணைப்பைத் தட்டிவிட்டேன் என்று ஓர் ஊழியர் அன்றே வந்து சொன்னால் அவரைத் திட்டாதீர்கள். திட்டுவிழும் என்று பயந்தால் அடுத்தவர் மறைத்துவிடுவார், அதற்குள் எல்லாக் கணினிக்கும் பரவியிருக்கும்.

உங்கள் அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதை ஒரு பொருளாக வையுங்கள். ஆளுக்கொரு பயனர் கணக்கு; மாற்றலோ ஓய்வோ ஆனால் அன்று மாலைக்குள் அது மூடப்பட வேண்டும். ஓடிபி அலுவலரின் சொந்தக் கைபேசிக்கே வர வேண்டும். டோக்கன் உரியவர் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை நகல் எடுத்து வேறு கட்டடத்தில் பூட்டி வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்க்க வேண்டும். திறக்காத நகல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வரிவிதிப்பில் பெயர் மாற்ற விண்ணப்பம் வந்தால், பழைய பெயருக்கு உரிய குடும்பத்தின் கைபேசிக்கும் முகவரிக்கும் தகவல் போன பிறகே மாற்ற வேண்டும். செட்டிநாட்டுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கடைசி ஏற்பாடு முக்கியம். மென்பொருளில் அதற்கு வசதி இல்லாவிட்டால் சென்னைக்கு எழுதிக் கேளுங்கள். அதுவரை ஒரு பதிவுத் தபால் போதும்.

தாக்குதல் நடந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இணையக் கம்பியைப் பிடுங்க வேண்டும், கணினியை அழித்து மறுபடி விண்டோஸ் போடக் கூடாது, சிவகங்கை அல்லது புதுக்கோட்டை சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் செர்ட்-இன்னுக்கும் சொல்ல வேண்டும். என்ன விவரம் போனது என்பதை மக்களுக்கும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நானும் இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்களும் எந்த அலுவலகம் கூப்பிட்டாலும் ஒரு சனிக்கிழமை வந்து, உங்கள் ஊழியர்கள் முன்னிலையில் இவற்றைச் சரிபார்த்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். காசு வேண்டாம். எந்தக் கடவுச்சொல்லையும் எங்களிடம் சொல்லவும் வேண்டாம். என்னென்ன செய்தீர்கள், எது பாக்கி என்பதை மன்றத்தில் படித்துப் பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியில் கணினிப் பழுது பார்க்கும் ஒருவன்